உப்புமூட்டை

அந்த அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய கிடங்கு அது. கட்டடம் கைமாறியபோது யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே மேடை போட்டு, நாற்காலிகள் வாங்கிப் போட்டு, நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். பட்டப்பகலில் போனாலும் கதவைத் தாண்டியதும் கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கும். சாக்கும் தூசியும் கலந்த பழைய வாடை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரம் நின்றால் பழகிவிடும்.

டாக்டரம்மாவுக்கும் பழகிவிட்டது. ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து வேலை முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறாள்.

உண்மையில் அவள் டாக்டர் அல்ல, மனநல ஆலோசகர். ஆஸ்பத்திரியின் கோடியில் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. வருகிறவர்கள் அழுவதைக் காது கொடுத்துக் கேட்பது அவள் வேலை. நாடகக் குழுவில் எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அவள் கணவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நாடகத்தை எழுதியவர் அவர்தான். வீட்டில் நடக்கும் சண்டையை அப்படியே காகிதத்தில் இறக்கிவிட்டார் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை அது.

"மனசுல இருக்கறதைக் கொட்டிட்டா பாரம் குறையும்," என்பாள் அவள்.

"குறைஞ்ச பாரம் எங்க போச்சு?" என்பார் அவர். "உலகத்துல எதுவும் காணாமப் போகாதும்மா. இடம்தான் மாறும்."

"எங்கயும் போகாது. கரைஞ்சிடும்."

"உப்பு கரைஞ்சா தண்ணி கனக்கும். அது தெரியுமில்ல?"

இதுதான் நாடகமும். ஒரு விஞ்ஞானி, ஒரு மனநல மருத்துவர், நடுவில் ஒரு நோயாளிப் பெண். தன் முதுகில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதாக அந்தப் பெண் சொல்கிறாள். விஞ்ஞானி அவளைத் தராசில் ஏற்றுகிறார். முள் அவளுடைய எடையை மட்டும்தான் காட்டுகிறது. ஆனாலும் அவள் முதுகு வளைந்தே இருக்கிறது. கடைசியில் மருத்துவரின் காதில் தன் கதையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போகிறாள். விஞ்ஞானி வேஷம் பேராசிரியருக்கு, மருத்துவர் வேஷம் அவர் மனைவிக்கு. நோயாளிக்குத்தான் ஆள் கிடைக்காமல் இயக்குநர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆள் தானாகவே வந்தது. நாடகப் பிரதியை நகல் எடுத்த கடையில் வேலை பார்த்த பெண். மெஷினில் ஒவ்வொரு பக்கமாக வைக்கும்போதே படித்துவிட்டிருக்கிறாள். மறுநாள் பிரதிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நான் பண்ணட்டுமா சார்?"

இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எலும்பும் தோலுமாக, காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருந்தாள். ஆனால் முதுகு மட்டும் கிழவி மாதிரி வளைந்திருந்தது. இரண்டு கையும் எப்போதும் பின்பக்கம் போய், இடுப்புக்குக் கீழே கோத்துக்கொண்டு நிற்கும்.

"இதுக்கு நடிக்கவே வேணாம் போலிருக்கே!" என்றார் இயக்குநர். அவர்தான் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தார்.

ஒரு விஷயத்தை டாக்டரம்மா முதல் வாரத்திலேயே கவனித்தாள். பேராசிரியர் நல்ல பருமனான ஆள். அவர் நடந்தபோது சும்மா இருந்த மேடைப் பலகை, குருவி நடந்தால் முனகியது.

தராசு வந்தது நாடகத்துக்குச் சில நாள் முன்பு. கிடங்காக இருந்த காலத்தில் மூட்டை நிறுத்த பழைய தராசு, பின்கட்டில் கிடந்தது. ஆள் ஏறி நிற்க இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு கம்பம், உச்சியில் சுவர்க்கடிகாரம் மாதிரி பெரிய வட்டம், சிவப்பு முள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் முள் தெரியும். இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒத்திகை. விஞ்ஞானி தன் வசனத்தைச் சொல்லி, கையை நீட்டித் தராசைக் காட்டினார். குருவி ஏறினாள்.

முள் நாற்பதைத் தொட்டது. நிற்கவில்லை. ஐம்பது, அறுபது என்று நிதானமாக ஏறி, எண்பதுக்குப் பக்கத்தில் போய் ஆடி நின்றது.

"பையில கல்லு ஏதாவது வச்சிருக்கியா குருவி?" என்றார் இயக்குநர்.

எல்லோரும் சிரித்தார்கள். குருவி சிரிக்கவில்லை. முள்ளைப் பார்க்கவும் இல்லை.

"ஸ்பிரிங் போயிருக்கும்," என்று பேராசிரியர் தானே ஏறிப் பார்த்தார். அவர் எடை சரியாக இருந்தது. எடை தெரிந்த ஒரு மணல்மூட்டையை வைத்துப் பார்த்தார். அதுவும் சரி. மறுபடி குருவியை ஏறச் சொன்னார். மறுபடியும் எண்பது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முள்ளைப் பார்த்தார்.

குருவி இறங்கிப் போன பிறகுதான் டாக்டரம்மா தட்டைப் பார்த்தாள். குருவியின் குதிகால் இருந்த இடத்துக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரையைப் பார்த்தாள். மழை பெய்து மாதக்கணக்காகிறது.

குனிந்து முகர்ந்தாள்.

பாசி வாடை.

ஒப்பனை அறையில் குருவி தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அவள் அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி, நாற்காலியின் நுனியில், பின்னால் இன்னொருவர் உட்கார இடம் விட்டது போல உட்கார்ந்திருந்தாள்.

"முதுகு வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"பழகிடுச்சு மேடம்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"பதினஞ்சு வயசுலேர்ந்து."

"அப்ப என்ன ஆச்சு?"

குருவி தலையை ஆட்டினாள். "வேணாம் மேடம். சொன்னா உங்ககிட்ட வந்துடும்."

"வரட்டுமே. தினம் எத்தனை பேர் சொல்றதைக் கேக்கறேன். என் பொழைப்பே அதுதானே."

"அவங்க சொல்றது வேற. இவ வளர்றா மேடம்."

"யாரு?"

"ஏறினப்ப சின்னப் பிள்ளை. இப்ப என்னைவிடப் பெரியவளாயிட்டா."

டாக்டரம்மாவுக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை. பாவமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூடாது, கொஞ்சம் ஆர்வமாகவும் இருந்தது. குற்ற உணர்வு மனசை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கும் என்று அவள் படித்திருக்கிறாள், பார்த்திருக்கிறாள். தராசைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. அது கணவரின் பாடு என்று விட்டுவிட்டாள்.

"இவ்வளவு பயப்படறவ ஏன் இந்த வேஷத்துக்கு வந்தே?"

"கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு நிமிர்ந்து நடந்து போறான்னு சார் எழுதியிருக்கார்." குருவி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு தடவையாவது அப்படி நடந்து பாக்கணும்னு தோணுச்சு."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"இங்க பாரு. மேடையில என் காதுல குசுகுசுன்னு சொல்லப் போறே. சபைக்கு ஒண்ணும் கேக்காது. அன்னைக்கு வசனத்துக்குப் பதிலா நிஜத்தைச் சொல்லிடு. எனக்கும் உனக்கும் மட்டும்தான். எத்தனை வருஷம் சுமப்பே?"

குருவி அவளைப் பார்த்தாள். அப்புறம், யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது போலத் தன் தோளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சம்மதமாகத் தலையாட்டினாள்.

வட்டத்தில் காகிதம் ஒட்டிப் பொய் முள் வைத்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னதற்குப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "முள் என்ன காட்டுதோ காட்டட்டும். வசனத்தை நான் பாத்துக்கறேன்," என்றார். வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "அதிகமா இருக்கறது ஒரு முழு ஆளோட எடை," என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். தராசுக்கு அவரால் விளக்கம் சொல்ல முடியவில்லை. இந்தச் சண்டையில் முதல் தடவையாக அவர் பக்கம் தடுமாறுகிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

நாடக நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. நெருங்கிய சொந்தம், கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். விளக்குகள் அணைந்தன. இருமல்கள் அடங்கின. முதல் பாதி வெண்ணெய் போலப் போனது. கணவன் மனைவி சண்டைக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தராசுக் காட்சி வந்தது. மேடையில் ஒரே ஒரு விளக்கு. குருவி ஏறி நின்றாள். முள் எண்பதுக்குப் போனது. பேராசிரியர் வசனத்தைச் சமாளித்தார். சபையில் ஒரு சலசலப்பு.

டாக்டரம்மா தராசின் பக்கத்தில் போய் நின்று காதை நீட்டினாள்.

"சொல்லும்மா," என்றாள். அது நாடக வசனம்தான்.

குருவி அவள் காதருகே குனிந்தாள்.

"நிஜமாவே சொல்லட்டுமா?"

டாக்டரம்மா தலையசைத்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி. அவளை உப்புமூட்டை தூக்கிட்டு ஏரியில நீந்துவேன். எப்பவும் பண்றதுதான். அன்னைக்குப் பாதி ஏரியில எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அவ பயந்து என் கழுத்தை இறுக்கினா. எனக்குக் கண்ணு சொருகுது. அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன் மேடம். ஒவ்வொரு விரலுக்கும் அக்கா, அக்கான்னா. கடைசி விரல் பிரிஞ்சதும் சத்தம் நின்னுடுச்சு. நான் நீந்தி வந்துட்டேன்."

அவள் மூச்சு வாங்கினாள்.

"தண்ணிக்குள்ள இருந்தவரைக்கும் கனமே தெரியல. கரையில கால் வச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"அவ இறங்கவே இல்ல."

சபை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கதை கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது முள்ளை.

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

எழுபது. அறுபது. ஐம்பது.

டாக்டரம்மாவின் பிடரியில் முதலில் ஈரம் பட்டது. நனைந்த முடி ஒட்டுவது போல. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் எதுவோ அழுத்தியது.

முழங்கால்கள்.

பிறகு கழுத்தைச் சுற்றி, அவசரமில்லாமல், ஒரு கை வந்தது. அதற்கப்புறம் இன்னொன்று.

முள் நாற்பதில் நின்றது. குருவி மெல்ல நிமிர்ந்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக நேரானது. அவள் எவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. குருவி தராசிலிருந்து குதித்து இறங்கினாள். பலகை முனகவே இல்லை. இரண்டு எட்டு வைத்தாள், மூன்றாவது எட்டில் ஓட ஆரம்பித்தாள். மேடையைத் தாண்டி, பக்கக் கதவைத் தாண்டி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாடகம் முடிய இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. மருத்துவர் தானே தராசில் ஏறி, விஞ்ஞானியைப் பார்த்துச் சவால் விட வேண்டும். டாக்டரம்மாவுக்குக் கால் நகர மறுத்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலை இழுத்து வைத்தாள்.

"இப்ப என்னை நிறுத்துப் பாருங்க," என்றாள். குரல் நெரிந்து வந்தது. "கேட்டவ கனத்துட்டாளா?"

"மாற்றம் இல்லை" என்பது விஞ்ஞானியின் வசனம்.

பேராசிரியர் முள்ளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது. வசனம் வரவில்லை. பிரமாதமான நடிப்பு என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் திரையை இழுத்துவிட்டார்.

மறுபடி மேடையேற்ற நடிகை கிடைக்காததால் நாடகம் அதோடு நின்றுபோனது. குருவி நகல் கடைக்கும் வரவில்லை. அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கழுத்து வலி என்றாள். அது பொய்யில்லை. மாடிப்படி ஏற முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் பின்னால் ஏதோ நசுங்கி நெளிந்தது. அதனால் நுனியில் உட்காரக் கற்றுக்கொண்டாள். கைகள் தாமாகவே பின்பக்கம் போய், இடுப்புக்குக் கீழே கோத்துக்கொண்டன. தலையணை உறை காலையில் ஈரமாக இருந்தது. பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் போட்டார்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. புது நம்பர்.

"மேடம், நான்தான்."

டாக்டரம்மாவுக்குக் குரல் உடனே தெரிந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். திட்ட வரவில்லை.

"நல்லா இருக்கியா?"

"நேரா நடக்கறேன் மேடம். பஸ்ல சாஞ்சு உட்கார்றேன்." பிறகு குருவி உடைந்து அழுதாள். "தூக்கம்தான் வரமாட்டேங்குது. முதுகு வெறிச்சோன்னு இருக்கு. அவ எப்படி இருக்கா மேடம்?"

டாக்டரம்மாவின் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் கொஞ்சம் இறுகின.

போனில் வரும் குரலைக் கேட்பதற்காக எதுவோ அவள் காதோடு கன்னத்தை ஒட்டியது.

"தூங்கும்போது வலது தோள்ல தலை சாய்ப்பா," என்று குருவி சொல்லிக்கொண்டே போனாள். "அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துடாதீங்க. அவளுக்கு மூச்சு முட்டும். யார்கிட்டயும் குடுத்துடாதீங்க மேடம். புது ஆளுன்னா பயந்துக்குவா."

"நீயே வந்து கூட்டிட்டுப் போயேன்," என்று டாக்டரம்மா கெஞ்சினாள்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"மாட்டேன் மேடம்," என்றாள் குருவி. போன் அணைந்தது.

பேராசிரியர் ரொம்பவும் மெலிந்துபோனார். முதல் சில நாள் அவர் கேட்டதில் விஞ்ஞானிதான் இருந்தார். குளியலறைத் தராசு ஒன்றை வாங்கிவந்து அவள் காலடியில் வைத்தார். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் என்ன கேட்டாள், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று துருவித் துருவி விசாரித்தார். அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை காலம் ஊரையே பேசச் சொன்னவள், இப்போது சொந்தப் புருஷனிடமே ஊமையானாள்.

பிறகு அவர் கேள்வி மாறியது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் முழுக்க வெயில். மேஜையில் இரண்டு டம்ளர் டீ. பேராசிரியர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

"எனக்கு எந்த நிரூபணமும் வேணாம்," என்றார். "நீ இப்படிக் கூனிப் போறதைப் பாத்துட்டு என்னால உட்கார முடியல. என்கிட்ட குடு. பாதியாவது குடு. என்னன்னு சொல்லு."

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். அழுகை வந்தது. அழுதால் வார்த்தையும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து, டம்ளரை எடுத்து ஒரு வாய் டீயை நிரப்பிக்கொண்டாள். விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். வாய் நிறைந்திருக்கும்வரை பேச முடியாது.

"உன் கால்ல வேணா விழறேன். சொல்லும்மா."

அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் சொல்றேன்."

குரல் அவள் வலது காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு இளம்பெண்ணின் குரல். பல வருஷமாகப் பேசாமல் இருந்து, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்துவந்தது போலக் கரகரத்த குரல்.

பேராசிரியர் அசையவில்லை. அவர் முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில், அவர் வாழ்நாள் முழுக்க விட முடியாத அந்த ஆர்வமும் இருந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று அவள் கத்தப் பார்த்தாள். வாயிலிருந்த டீ தொண்டையில் போய் அடைத்தது. இருமினாள், திணறினாள், மேஜையைத் தட்டினாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லும்மா," என்றார், அதனிடம்.